கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்

மலைக்கோட்டை ஏறுகிறவர்களில் பலருக்கு உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கும் அவசரம். நடுவில் இருக்கும் தாயுமானவரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன்.

ரத்னாவதி என்று ஒரு செட்டிப்பெண். நிறைமாதம். பிரசவம் பார்க்க அம்மா பூம்புகாரிலிருந்து கிளம்பிவிட்டாள். வழியில் காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. அக்கரையில் அம்மா தவிக்கிறாள், இக்கரையில் மகளுக்கு வலி வந்துவிட்டது. அப்போது அம்மாவின் உருவத்தில் சிவபெருமானே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியும் வரை கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் கவனித்தார். நிஜ அம்மா வந்து சேர்ந்ததும் மறைந்தார். அதனால்தான் அவர் தாயும் ஆனவர். இன்றைக்கும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வருவது கோயிலில் அல்ல. புத்தூர் அரசு மருத்துவமனையிலும் தில்லைநகர், தென்னூர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான். அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கையில் ஒரு பை, ஒரு ஃபிளாஸ்க், சார்ஜ் தீர்ந்துபோகும் போன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவோ, மனைவியோ, பிள்ளையோ. ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் உள்ளே போக முடியும். மற்ற நேரம் எல்லாம் இவர்கள் அக்கரையில் நிற்கும் அம்மா மாதிரிதான்.

அந்த மிச்ச நேரம் முழுக்க இக்கரையில் இருப்பவர் யார்? பெரிய டாக்டர் காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் வருவார். டியூட்டி டாக்டருக்குப் பல படுக்கைகள். படுக்கையை விட்டு நகராமல் இருப்பவர் நர்ஸ். நாம் 'சிஸ்டர்' என்று கூப்பிடும் அந்தச் செவிலியர் உள்ளே என்னதான் செய்கிறார் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பெயரிலேயே தாய்

'செவிலியர்' என்ற சொல்லே அழகானது. சங்க இலக்கியத்தில் வரும் செவிலித்தாய் பெற்றவள் அல்ல, வளர்த்தவள். பெண்ணின் முகம் வாடினால் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதும் நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில் மருத்துவர் யார், அறுவை செய்பவர் யார், மூலிகை கொண்டுவருபவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு சொல்கிறது. அதில் நோயாளிகளுக்கு மருந்து காய்ச்சிக் கொடுத்துக் கவனிக்க இரண்டு பெண்கள். நம் ஸ்ரீரங்கத்திலும் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி உண்டு. அங்கிருந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

15 பேருக்கு இரண்டு பெண்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஐ.சி.யூ. பிறந்த கதை

ஐ.சி.யூ. என்றாலே நமக்கு மெஷின்தான் ஞாபகம் வரும். ஆனால், அது பிறந்தது மெஷின் இல்லாத ஓர் ஊரில்.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். மூச்சு கொடுக்கும் 'இரும்பு நுரையீரல்' பெட்டி அங்கே ஒன்றே ஒன்று. பியோன் இப்சென் என்ற மயக்க மருந்து டாக்டர், சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக் காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

அப்புறம் என்ன செய்வது? அத்தனை பேருக்கும் மெஷின் கிடையாது. மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். மாதக்கணக்கில் சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் பையை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். செவிலியர்கள் சளி எடுத்தார்கள், திருப்பிப் படுக்க வைத்தார்கள், கவனித்தார்கள். இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1953 டிசம்பரில் இப்சென் இதற்கென்றே தனி வார்டு ஒன்றைத் தொடங்கினார். இன்றைய ஐ.சி.யூ.க்களின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள்.

அங்கே உயிரைக் காப்பாற்றியது, படுக்கைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் விலகாமல் உட்கார்ந்திருந்தது. மெஷின்கள் பிறகு வந்தன. உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஓர் இரவு

ஒரு செவிலியரின் இரவுப் பணியைப் பார்ப்போம். கற்பனையாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்ளலாம். லால்குடி பக்கத்து விவசாயி, வயது 58, எடை 60 கிலோ. நிமோனியா முற்றி, வென்டிலேட்டரில் மூன்றாவது நாள்.

இரவு ஏழரை மணி. பகல் சிஸ்டர் இரவு சிஸ்டரிடம் நோயாளியை ஒப்படைக்கிறார். 'ஹேண்ட் ஓவர்' என்பார்கள். நல்ல ஐ.சி.யூ.வில் இது மேஜையில் நடக்காது, படுக்கைக்குப் பக்கத்தில் நடக்கும். என்ன மருந்து எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்த ஊசிக்குழாய் எந்தத் தேதியில் போட்டது, இன்று புதிதாக என்ன நடந்தது, இரவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தானே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறார். வாயில் போட்டிருக்கும் மூச்சுக்குழாய் உதட்டருகே 22 சென்டிமீட்டர் குறியில் நிற்கிறதா? அது இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கவனிக்க வேண்டிய விஷயம். வென்டிலேட்டர் திடீரென்று நின்றுபோனால் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பை தலைமாட்டில் இருக்கிறதா? சளி உறிஞ்சும் சக்‌ஷன் வேலை செய்கிறதா? கோபன்ஹேகனின் அந்த ரப்பர் பையின் வாரிசு இன்றும் ஒவ்வொரு படுக்கையிலும் தொங்குகிறது.

அடுத்து கை. நோயாளியைத் தொடும் முன், ஊசிக்குழாய் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சளியோ பட்ட பின், தொட்டு முடித்த பின், படுக்கையைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என்று கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓர் இரவில் எத்தனை முறை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 20, 30 நொடிகள் கிருமிநாசினியைத் தேய்க்க வேண்டும். ஒரு படுக்கையின் கிருமி அடுத்த படுக்கைக்குப் போகும் முக்கியமான பாதை நம் கைகள்தான்.

மானிட்டருக்கு முன்னால் மனிதர்

புதிதாக ஐ.சி.யூ.வுக்கு வரும் செவிலியருக்கு மூத்தவர்கள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், திரையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார். உதடு நீலமாக இருக்கிறதா, மார்பு இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறதா?

நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவானது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் 3-லிருந்து 15 வரை. தலைக்காயத்தோடு வந்தவருக்கு 14 மதிப்பெண் 12 ஆனால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். 'கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்கார்' என்று விட்டுவிடக் கூடாது.

இரவு பத்து மணி. வென்டிலேட்டர் அலாரம் அடிக்கிறது. ஆக்சிஜன் அளவு 96-லிருந்து 90-க்கு இறங்குகிறது. ஐ.சி.யூ.வில் நாள் முழுக்க ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவதுதான் அங்கே பெரிய ஆபத்து. நம் சிஸ்டர் அலாரத்தை நிறுத்திவிட்டு உட்காரவில்லை. வரிசையாக நான்கு கேள்விகளை மனதில் ஓட்டுகிறார். குழாய் நகர்ந்துவிட்டதா? சளி அடைத்துக்கொண்டதா? நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டதா? மெஷினிலோ இணைப்பிலோ கோளாறா?

குழாய் அதே குறியில்தான் நிற்கிறது. இணைப்பும் சரியாக இருக்கிறது. மார்பிலிருந்து கரகர சத்தம். கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துவிட்டுச் சளியை உறிஞ்சுகிறார். ஒரு முறைக்கு 15 நொடிக்கு மேல் கூடாது. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து வெளியே போகும். கெட்டியான சளிக்கட்டி வருகிறது. ஆக்சிஜன் 95-க்குத் திரும்புகிறது. மொத்தம் மூன்று நிமிட வேலை. வெளியே பெஞ்சில் படுத்திருக்கும் மகனுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

திருப்பிப் போடுவது சின்ன வேலை அல்ல

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். அசையாமல் கிடப்பவருக்கு முதுகெலும்பு அடியிலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப்போகும். முதலில் ஒரு சிவப்புத் திட்டு. அதை அன்றைக்கே பார்க்காவிட்டால் எலும்பு தெரியும் அளவுக்குப் புண். அதன் வழியாகக் கிருமி, காய்ச்சல், மறுபடியும் ஐ.சி.யூ.

கூடவே சில சின்ன விஷயங்கள். தலைமாட்டை 30-லிருந்து 45 டிகிரி வரை உயர்த்தி வைப்பது, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் இருக்க. வாயைச் சுத்தம் செய்வது, அங்கே வளரும் கிருமி குழாய் ஓரமாக உள்ளே இறங்காமல் இருக்க. மயக்கத்தில் இருப்பவரின் கண் முழுதாக மூடாது, அது வறண்டு புண்ணாகாமல் இருக்க மருந்து போட்டு மூடிவிடுவது. பார்ப்பதற்கு வீட்டு வேலை மாதிரி தெரியும். நோயாளி வீடு திரும்பும்போது பார்வையோடும், புண் இல்லாத முதுகோடும் திரும்புவது இந்த வேலையால்தான்.

இதற்கு நம் நாட்டில் மறக்க முடியாத சாட்சி மும்பை கே.இ.எம். மருத்துவமனை. அங்கே நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று மருத்துவமனைக்குள்ளேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015 மே 18 அன்று இறக்கும் வரை ஏறக்குறைய 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அருணாவை ஆரோக்கியமாகப் பார்த்தே இராத புதிய நர்ஸ்கள்கூடச் சோறு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், திருப்பிப் படுக்க வைத்தார்கள். 2011-இல் அவரைப் பற்றிய கருணைக்கொலை வழக்கில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், அவருக்குப் படுக்கைப்புண்ணே வராமல் பார்த்துக்கொண்டதைக் குறிப்பிட்டு அந்த ஊழியர்களைப் பாராட்டியது. அங்கே சாதித்தது கைகளும் கடிகாரமும்தான்.

இரண்டு ஜோடிக் கண்கள்

நள்ளிரவு மருந்து நேரம். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் போன்றவை ஐ.சி.யூ.வில் தினசரி சமாச்சாரம். பொட்டாசியம் மருந்தை நீர்க்கச் செய்யாமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால், இந்த மாதிரி மருந்துகளைத் தயாரிக்கும்போது இரண்டாவது நர்ஸ் ஒருவர் வந்து பெயர், அளவு, வேகம் மூன்றையும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 'அவங்க சரியாத்தான் போட்டிருப்பாங்க' என்ற மரியாதைக்கு இங்கே இடமில்லை.

ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு சிரிஞ்ச் தீர்ந்து அடுத்தது மாற்றும் அந்த இடைவெளியில்கூட அழுத்தம் சரிந்துவிடும். தீர்வதற்கு முன்பே அடுத்ததைத் தயாராக வைத்திருப்பவர்தான் அனுபவசாலி.

அதிகாலை மூன்று மணி

இப்போதுதான் நம் கதையின் முக்கியமான இடம்.

லால்குடிக்காரரின் சிறுநீர்ப் பை. பத்து மணிக்கு 50 மில்லி, பன்னிரண்டுக்கு 40, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 15. அவர் எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். நாடித்துடிப்பு 88-இல் இருந்தது, 112 ஆகிவிட்டது. கால் விரல்கள் சில்லென்று இருக்கின்றன. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமாகிறது. ரத்த அழுத்தம் மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

எந்த அலாரமும் அடிக்கவில்லை. ஏனென்றால், எந்த எண்ணும் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால், எல்லா எண்ணும் ஒரே திசையில் நடக்கின்றன. உடம்பு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது சரியும்போது தாமதமாகியிருக்கும். கிருமி ரத்தத்தில் பரவும் செப்சிஸ் பெரும்பாலும் இப்படித்தான் சத்தம் போடாமல் வரும். இதில் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

சிஸ்டர் டியூட்டி டாக்டருக்கு போன் செய்கிறார். 'சார், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்' என்று சொன்னால், 'சரி, பாத்துக்கோங்க' என்ற பதில்தான் வரும். அதனால் நான்கு படியாகச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது.

'சார், ஏழாம் நம்பர் பெட். யூரின் மணிக்கு 15 மில்லியாக் குறைஞ்சிருக்கு, பல்ஸ் 112, கால் சில்லுன்னு இருக்கு. நிமோனியா, வென்டிலேட்டர்ல மூணாவது நாள். செப்சிஸ் ஆரம்பிக்குதோன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும்.'

பதில், 'பிபி நல்லாத்தானே இருக்கு? காலையில பாக்கலாம் சிஸ்டர்' என்று வந்தால்?

எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் மனப்பாடம் செய்ய முடியாத திறமை இங்கேதான் வேண்டும். மறுபடியும் சொல்லும் தைரியம். 'எனக்குக் கவலையா இருக்கு சார், நேர்ல வாங்க.' அதற்கும் வரவில்லையென்றால் மூத்த டாக்டருக்கு போன் செய்யும் உரிமை. 'டாக்டரை எதிர்த்து நர்ஸ் பேசுவதா?' என்று நம் ஊரில் நினைக்கிறோம். இது எதிர்ப்பு அல்ல, வேலையின் ஒரு பகுதி.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001-இல் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் இதைச் செய்து காட்டினார். பெரிய ரத்தக்குழாயில் குழாய் போடும்போது டாக்டர்கள் பின்பற்ற வேண்டிய ஐந்து எளிய படிகளை ஒரு தாளில் எழுதினார். கை கழுவுவது, தோலைச் சுத்தம் செய்வது போன்ற சாதாரண விஷயங்கள்தான். ஒரு படி விட்டுப்போனாலும் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார். பிறகு மிச்சிகன் மாநிலத்தின் நூறு ஐ.சி.யூ.க்களுக்கு மேல் இந்த முறை பரவியது. அந்தக் குழாய்களால் வரும் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புது மருந்து எதுவும் கிடையாது. ஒரு தாளும், பேச அனுமதி கிடைத்த நர்ஸும்தான்.

நம் இரவில் டாக்டர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, குளுக்கோஸ் அல்லாத உப்பு நீர் ஏற்றி, ஆன்டிபயாடிக்கை மாற்றினார். காலை ஆறு மணிக்குச் சிறுநீர்ப் பையில் 35 மில்லி.

காது கேட்டுக்கொண்டிருக்கும்

இன்னொன்று உண்டு. மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் நல்ல செவிலியர் பேசுவார். 'ஐயா, இடது பக்கம் திருப்பப் போறோம்', 'இப்ப விடியற்காலை நாலு மணி', 'உங்க பையன் வெளியில இருக்கார்.' ஐ.சி.யூ.வில் பகல் இரவு தெரியாது. விளக்கு, சத்தம், மருந்து எல்லாம் சேர்ந்து புத்தி தடுமாறும். கட்டிலில் எழுந்து உட்காரப் பார்ப்பார்கள், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். அதைப் பைத்தியம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நேரம் சொல்வது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இரவில் விளக்கைக் குறைப்பது, கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுவது எல்லாம் அதற்கான சிகிச்சையில் சேர்ந்தவை.

நாம் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருந்தால் சிஸ்டருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய உதவி, தகவல்.

அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நாட்டு மருந்து, சித்த மருந்து உட்பட. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். தினமும் குடிப்பவருக்கு இரண்டு, மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். காரணம் தெரியாவிட்டால் வேறு நோய் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பெயருக்குத்தான் கண் திறப்பார்.

உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் கை சுத்தம் செய்யுங்கள். சிஸ்டர் கை சுத்தம் செய்யாமல் தொட வந்தால் நீங்களும் பணிவாகக் கேட்கலாம், தப்பில்லை. சமயபுரத்து விபூதி, குங்குமம் வைக்க ஆசையிருந்தால் முதலில் சிஸ்டரைக் கேளுங்கள். தீர்த்தத்தையோ பாலையோ மட்டும் வாயில் விட்டுவிடாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். பம்பு, மெஷின் எதையும் தொடாதீர்கள். டாக்டரிடமும் சிஸ்டரிடமும் பேசக் குடும்பத்தில் ஒரே ஆளை வையுங்கள். பத்துப் பேர் தனித்தனியாகக் கேட்டால், அந்தப் பத்து பதிலுக்கான நேரம் உங்கள் நோயாளியிடமிருந்துதான் எடுக்கப்படுகிறது. பில் மேல் இருக்கும் கோபத்தை நர்ஸ் மேல் காட்டாதீர்கள். பில் போடுவது அவர் இல்லை.

'எங்கப்பா ஆளே மாறிட்டார் சிஸ்டர், நேத்து மாதிரி இல்ல' என்று உங்களுக்குத் தோன்றினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முகம் மாறியது முதலில் தெரிவது வீட்டுக்காரர்களுக்குத்தான்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

மூன்று ஆண்டு டிப்ளமோ நர்சிங் அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு, தீவிர சிகிச்சைக்கென்றே ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. முதுநிலையில் இதற்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் வந்துவிட்டது. பையன்களும் படிக்கலாம், படிக்கிறார்கள். கணக்கு வர வேண்டும், ராத்திரி கண் விழிக்க வேண்டும். 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று உரக்கச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு

இப்போது 15 படுக்கைக்கு இரண்டு பெண்கள் என்ற பழைய கணக்குக்கு வருவோம்.

மூன்று மணிக்குச் சிறுநீர்ப் பையைப் பார்க்கவும், இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பவும், 30 நொடி கை தேய்க்கவும் நேரம் வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். அதே சிஸ்டரிடம் நான்கு படுக்கைகளைக் கொடுத்தால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஏழாம் நம்பர் படுக்கையின் 40, 25, 15 என்ற இறக்கம் காலையில்தான் கண்ணில் படும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி லிண்டா எய்க்கன் குழு 2002-இல் ஆய்வு வெளியிட்டது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் ஆபத்து 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது.

நம்மிடம் படித்த செவிலியர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இங்கே தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுவதைச் செய்தியில் பார்க்கிறோம். பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அது அவர்களுடைய சம்பளப் பிரச்னை மட்டுமல்ல. நாளைக்கு நம் வீட்டு அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் ஆள் இருப்பாரா என்ற பிரச்னை.

ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ.வுக்குச் சேர்க்கும்போது என்ன மெஷின் இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். இனிமேல் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'ராத்திரியில ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்?'

நாலு பேர் கேட்டால் சங்கடப்படுவார்கள். நாற்பது பேர் கேட்டால் ஆள் போடுவார்கள்.